காகிதத்தில் ஏறாத வில்லங்கம்

ஸ்ரீவைகுண்டம் தாலுகா கச்சேரியின் தூண்கள் அத்தனையையும் தன் ஒற்றைப் பேனாவால் தாங்கி நிறுத்தியிருக்கும் என் மகன் நமச்சிவாயத்துக்கு, திருநெல்வேலியிலிருந்து உன் சித்தப்பன் மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. உன் பெண்டாட்டியும், அவள் வயிற்றில் இருந்துகொண்டு இப்போதே உன்னை அதிகாரம் செய்துவரும் என் பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம். என் தொந்தி என்னைவிடச் சௌக்கியம்; தேரை நான்கு வீதியும் இழுத்துவிடலாம், என்னைக் கட்டிலிலிருந்து இழுக்க வடம் பத்தாது என்று உன் சித்தி சொல்கிறாள். உன்னைப் பெற்றவர்கள் என் அண்ணனும் மதினியும். வாந்திபேதி வந்த ஒரு கோடையில் இருவரும் உன்னை என் தோளில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து நீ என் மகன். ஆகையால், ஒரு தகப்பன் தன் மகனிடம் சொல்லக் கூசுகிற ஒரு சங்கதியைச் சொல்லும் கடமையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. கடிதம் நீளமாக இருக்கும். கச்சேரியில் வைத்துப் படிக்காதே.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டை விலைபேசி முடித்துவிட்டதாகவும், வருகிற வெள்ளிக்கிழமை அச்சாரம் கொடுக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். உன் கடிதத்தை உன் சித்திக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வாசல் கிழக்குப் பார்த்தது, கிணறு ஈசானிய மூலையில், மனையடி அளவு பொருத்தம், வில்லங்கம் பார்த்தாகிவிட்டது, காகிதம் கண்ணாடிபோல இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. டில்லியில் வந்து முடிசூட்டிக்கொண்ட சக்கரவர்த்திகூட தன் அரண்மனையை இத்தனை நுணுக்கமாகப் பார்த்து வாங்கியிருக்க மாட்டார் என்று சொல்லிச் சிரித்தேன். அடுத்த வரியில், வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், இலை போட்டுச் சாப்பாடு போட்டார், அவருடைய கொத்தனாரே கூட வந்து வீட்டைச் சுற்றிக்காட்டி, நூறு வருஷத்துக்கு அசையாது என்று சொன்னார் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் என் வாய் நின்றுபோனது. உன் சித்தி வெற்றிலையை மடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து காலை இழுத்து இழுத்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இனி என் பெருமையைக் கேள். நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பூமாதேவியே நேரில் வந்து ஒரு முழ நிலம் விற்க வேண்டும் என்றாலும், "மூலப்பத்திரம் எங்கே தாயே?" என்று கேட்டிருப்பேன். தாமிரபரணி கடலில் போய்ச் சேருவதற்கு முன் எந்தெந்த வயலில் எந்தெந்தப் பங்காளி கோர்ட்டுக்குப் போனான் என்பது எனக்கு மனப்பாடம். பத்திரத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் என் மூக்கு அரித்துவிடும். வீடு வாங்குகிற நாளில் இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா? ரிஜிஸ்டர் ஆபீசில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டின் மேல் யாருக்காவது அடமானமா, வழக்கா, ஜீவனாம்சமா, பாகமா என்று தூசியில் தும்மத் தும்மத் தேடினேன். ஒரு வில்லங்கமும் இல்லை. பச்சைக் குழந்தையின் மனசைப் போல அத்தனை சுத்தம். காகிதத்தில் வில்லங்கம் இல்லை என்றால் வீட்டிலும் இல்லை என்று நினைத்த மடையர்களின் பட்டியலை யாராவது தயார் செய்தால், முதல் பெயரை அவர்கள் தேட வேண்டியதில்லை.

வீடு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நீ சின்னப் பையன், உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. நாம் அங்கே இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. விற்றவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் பனங்கற்கண்டு. உன் சித்தியும் நானும் பார்க்கப் போனபோது வீடு புத்தம்புதிதாக வெள்ளையடித்து, உத்திரங்களுக்கெல்லாம் கருப்புச் சாயம் பூசி, கல்யாணப் பெண்போல நின்றது. சுண்ணாம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. நான் மயங்கிவிட்டேன். உன் சித்தி மயங்கவில்லை. என் காதருகே வந்து, "விக்கப்போற வீட்டுக்கு என்னத்துக்கு இம்புட்டு வெள்ள? பேட்டையில இருந்து ஒரு ஆசாரியக் கூட்டியாந்து மேல ஏறிப் பாக்கச் சொல்லுவோமா?" என்றாள். பையத்தான் சொன்னாள். ஆனால் அண்ணாச்சியின் காது பாம்புக் காது.

"அதுக்கென்ன தாயி, தாராளமாப் பாக்கலாம்," என்றார் அண்ணாச்சி. முகத்தில் ஒரு சின்ன வாட்டம், சொந்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லை எண்ணிப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டதுபோல. எனக்கு உடம்பு கூசிவிட்டது. நம் ஊர்க்காரனின் பெரிய வியாதி இது, நமச்சிவாயம். ஒருவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு அந்த வீட்டைச் சந்தேகிப்பதைவிட, அது நம் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைப்போம். "அய்யோ, அவ ஏதோ பொம்பளப் புத்தியில சொல்லுதா அண்ணாச்சி, உங்க வார்த்தைக்கு மேல என்ன இருக்கு?" என்றேன். அவர் விடவில்லை. "இல்ல வே, சந்தேகம்னு வந்தாத் தீத்துரணும். நம்ம மாடசாமி கொத்தனாரு இங்கனதான் இருக்காரு. அவரவிடத் தெரிஞ்சவன் யாரு? இந்த வீட்டுக்கு முப்பது வருசமா வேல பாக்குதாரு." மாடசாமிக் கொத்தனார் வந்தார். ஒல்லி மனுஷர், கையில் கரண்டிக் காய்ப்பு. சுவரை இரண்டு இடத்தில் தட்டினார். ஓர் இடத்தில் நகத்தால் கீறினார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சுவரு நல்லா இருக்கு."

இந்த மூன்று வார்த்தையை நான் எத்தனை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. சுவர் நல்லா இருக்கு. வீடு நல்லா இருக்கு என்று அவர் சொல்லவில்லை. கூரையைப் பற்றி, உத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. இதே மாதிரி ஒரு வாக்குமூலத்தைக் கோர்ட்டில் யாராவது கொடுத்திருந்தால், "சுவரைத்தானே சொன்னீர், மற்றது?" என்று எங்கள் வக்கீலுக்குச் சீட்டு எழுதி நீட்டியிருப்பேன். அந்தச் சீட்டு எழுதித்தான் எனக்குச் சம்பளம். சொந்த வீட்டில் அந்தக் கை எழவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கிரயம் முடிந்தது, பால் காய்ச்சினோம், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டேன். திருமலை நாயக்கர் மகாலுக்கும் நம் வீட்டுக்கும் தூண் எண்ணிக்கையில் மட்டும்தான் வித்தியாசம் என்று வந்தவர்களிடமெல்லாம் அளந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழை ஓய்ந்த வாரத்தில் இரண்டாம் கட்டு அறையில் உன் சித்தி ஒரு நாள் கூப்பிட்டாள். "இங்கன பாருங்க. மேல இருந்து மாவு மாதிரி விழுதுங்க. காலையில பெருக்குதேன், மத்தியானத்துக்குள்ள திரும்பவும் கிடக்கு." உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்துக்கு நேர் கீழே, தரையில் மஞ்சளாக ஒரு கைப்பிடித் தூள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அதை விரலில் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். "இது என்னன்னு நெனச்ச? நான் இந்த வீட்ட வாங்கினதப் பாத்து தேவர்கள் பூமாரி பொழியுதாங்க. மகரந்தம் மட்டும் இங்கன விழுது, பூவெல்லாம் அடுத்த வீட்டுக்காரன் புடிச்சுக்கிடுதான்," என்றேன். அவளும் சிரித்தாள். என் வேடிக்கைக்கு அவள் சிரிக்காமல் இருந்ததே இல்லை. நான்கைந்து நாள் கழித்து மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சிரிக்காமல்: "ஏதோ கறுமுறுன்னு சத்தமும் கேக்கு. ஒரு ஆளக் கூப்பிட்டுப் பாருங்களேன்." கார்த்திகை கழியட்டும் என்றேன். கூப்பிட்டு வந்து பார்த்து ஏதாவது சொல்லிவிட்டால், ஊரைக் கூட்டி அளந்தவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதுதான் நிஜக் காரணம். கார்த்திகை ஒரு சாக்கு.

தீபத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் அந்த அறையில் உட்கார்ந்து அகல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ பள்ளிக்கூடத்தில். நான் கச்சேரியில், யாரோ ஒருவருடைய பத்திரத்தில் எல்லை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உத்திரத்தின் ஒரு முனை சுவரைவிட்டு நழுவி, மட்டப்பாக் கூரையின் ஒரு மூலை காரையும் செங்கலுமாக அப்படியே இறங்கியது. ஆள் வந்து சொல்லி நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, அக்கம்பக்கத்தார் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோபோல் திரும்பிக் கிடந்தது. வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "அகலெல்லாம் நொறுங்கிப்போச்சு, வேற வாங்கியாங்க, நாளைக்கு வெளக்குப் போடணும்," என்றாள். உள்ளே போய் அந்த உத்திரத்தைப் பார்த்தேன். வெளியே கருப்புச் சாயம் பளபளவென்று இருந்தது. சுவருக்குள் இருந்த முனையில் மரமே இல்லை. ஈரத்தில் மக்கி, மிச்சத்தைக் கரையான் தின்று, கையை வைத்தால் புட்டுப்போல உதிர்ந்தது.

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "வித்த வீட்டுக்கு நான் எப்படி வே பொறுப்பு? நீரு பாத்துத்தான வாங்கினீரு?" 'நேரில் பார்த்துத் திருப்தியாகி வாங்கினேன்' என்று பத்திரத்தில் எழுதியவனே நான்தான். திரும்பும் வழியில் மாடசாமிக் கொத்தனாரைப் பார்த்தேன். ஒரு மதிலுக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒமக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லும்," என்றேன். அவர் கொஞ்ச நேரம் கையில் இருந்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தார். "தெரியும்யா. அந்த முனைக்குக் காரை வச்சுப் பூசினதே நான்தான். அண்ணாச்சி வீட்டுச் சோறு திங்கேன், எம்மக கல்யாணம் அவரு நடத்தி வச்சது. அவரு வீட்டப் பத்தி அவரு முன்னால என்னையக் கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்? நீங்க என்னையக் கேட்டிருக்கக் கூடாது." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு உண்மை பேசிய ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். உன் சித்தியின் கால் எப்படி ஒடிந்தது என்று நீ கேட்டபோதெல்லாம் நான் ஒரு கதை சொல்வேனே, கோவில் யானை தும்மிய கதை. உத்திரம் இறங்கிய அன்று உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் உனக்கு ஒன்றும் தெரியாது. யானைக்கு ஜலதோஷம் என்றும், அது தும்மிய வேகத்தில் சித்தி மூன்று வீதி பறந்து, குறுக்குத்துறைப் படியில் போய் விழுந்தாள் என்றும், வழியில் இரண்டு பருந்துகள் அவளுக்கு வழிவிட்டன என்றும் சொல்வேன். நீ அதை அப்படியே வாத்தியாரிடம் சொல்லி, பொய் சொன்னதற்காகக் கை வீங்க அடி வாங்கி வந்தாய். "எங்க சித்தப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்று சொன்னதற்கு மேலும் இரண்டு அடி. அந்தக் கைக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டது நான்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் சித்தி, தூக்கிக் கிடத்திய அக்கம்பக்கத்தாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஊரிலே படித்துறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி வைத்திருந்தாள். "வீட்டுக்குள்ள நடந்தத வெளிய சொன்னா, உங்ககிட்ட பத்திரம் பாக்க யாரு வருவா?" என்று என் வாயை அடைத்துவிட்டாள். அவள் எனக்காகச் சொன்னது சின்னப் பொய். நான் எனக்காகச் சொன்னதுதான் யானை அளவு.

அதனால், மகனே, உன் வீட்டுக்கு வருகிறேன். அணைக்கட்டுப் பக்கம் என்றால் வெள்ளம் எட்டிப்பார்க்காத வீடு இருக்காது. வெள்ளையடிக்காத இடம் ஏதாவது இருக்கும். மாட்டுத் தொழுவத்தின் பின்சுவரோ, பத்தாயத்துக்குப் பின்னாலோ, விறகு அடுக்கிய மூலையோ. அங்கே போய்ப் பார்த்தால் ஆற்றுத்தண்ணீர் எவ்வளவு உயரம் வந்து போனது என்று சுவரே சொல்லும். அடிச்சுவரில் ஓதம் ஏறிக் காரை பொரிந்திருக்கிறதா, கிணற்றின் உறை சாய்ந்திருக்கிறதா, மட்டப்பாவில் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்பதெல்லாம் உன் கண்ணுக்கும் தெரியும், கொஞ்சம் வெட்கத்தை விட்டால். ஆனால் உத்திரத்தின் முனை உன் கண்ணுக்குத் தெரியாது. அது பத்திரத்திலும் எழுதப்படாது, பஞ்சாங்கத்திலும் வராது. கொட்டாப்புளியால் தட்டி, உளியால் குத்தி, சத்தத்தைக் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் விற்கிறவருடைய சோற்றைத் தின்றவனாக இருக்கக் கூடாது. உன் சோற்றையும் தின்றவனாக இருக்கக் கூடாது, நீ ஆசைப்பட்டுவிட்டாய் என்று தெரிந்தால் அவன் நாக்கும் வளைந்துவிடும்.

அப்படி ஓர் ஆளைத் தேடி நான் இந்த ஜில்லாவையே சலித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறாரே, அவர்தான். சுடலைமுத்து ஆசாரி, ராதாபுரத்துக்காரர். ஸ்ரீவைகுண்டத்தில் அவருக்குப் பெண் கொடுத்தவனும் இல்லை, பெண் எடுத்தவனும் இல்லை, சண்டை போட்டவன்கூட இல்லை. என்னையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பேச வரச் சொல்லியிருந்தேன். வந்தவர் உட்காரவில்லை, நிமிர்ந்து நம் கூரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டக் கட்டினவன் உசுரோட இருக்கானா?" என்றார். ஏன் என்றேன். "இருந்தாக் கூட்டியாரும். மூணாவது கட்டைய எதுக்குத் தலகீழா வச்சான்னு கேக்கணும்." நான் என் வழக்கப்படி, "ஆசாரி, இது விசுவகர்மாவே கனவுல வந்து போட்ட கணக்கு," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கனவுல போட்டதுதான்னு பாத்தாலே தெரியுது," என்றார். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இவர்தான் ஆள் என்று. உள்ளிருந்து உன் சித்தி மோர் கொண்டு வந்தாள். அவர் குடித்து முடித்து வாசல் இறங்கிய பிறகு, அந்தக் காலிச் செம்பை எடுத்தாள். "இவர அன்னைக்கே கூட்டியாந்திருக்கலாம்," என்றாள். பதினைந்து வருஷத்தில் அவள் என்னைச் சொன்ன ஒரே சொல் அதுதான். அதையும் செம்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நாளைக் காலையில் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்காரரிடம் போ. அவர் முகம் வாடும். உனக்கு உடம்பு கூசும். உன் சித்தப்பன் பிடிவாதக்காரக் கிழவன், அவன் சொல்லித்தான் வந்தேன் என்று பழியை என் மேல் போட்டுவிடு. நான் ஊர் அளந்தவன், இதையும் தாங்கிக்கொள்வேன். அவருடைய கொத்தனார் கூட வந்தால் வரட்டும், அவரை ஒரு கேள்வியும் கேட்டுச் சங்கடப்படுத்தாதே. ஆசாரி சரி என்றால் வாங்கு, உன் பிள்ளையை அந்தக் கூரைக்குக் கீழே தாராளமாகப் படுக்க வை. வேண்டாம் என்றால், அச்சாரம் கொடுக்காமலே கும்பிட்டுவிட்டு வந்துவிடு. வேறு வீடு கிடைக்கும். ஆசாரி ஏறும்போது ஏணியை நீயே பிடி. வீட்டுக்காரர் உன்னிடம் பேச்சுக் கொடுப்பார், காபி கொண்டுவரச் சொல்வார், உன் சம்சாரத்துக்கு எத்தனையாவது மாசம் என்று விசாரிப்பார். அவருக்குப் பதில் சொல்லு. ஆனால் அவர் முகத்தைப் பார்க்காதே. மேலே பார்.